லிஃப்ட் வேலை செய்யாத நிலையங்கள்

ஸ்கேன் சென்டரில் அவளுக்குக் கமா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் படம் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர். ஒருநாள் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "டாக்டர், இந்த எடத்துல ஒரு கமா வரணும். இல்லேன்னா கட்டி வலது பக்கமா, வீக்கம் வலது பக்கமான்னு படிக்கிறவங்களுக்குப் புரியாது" என்றாள். டாக்டர் ஒருகணம் முறைத்தார். பிறகு படித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் காவலாளிகூட அவளை "வாங்க கமா அக்கா" என்று கூப்பிட்டார். பதினாறு வருஷமாக அவள் தட்டிய அறிக்கைகளில் ஒரு பிழை என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு.

அவள் கணவர் பஸ் டிரைவர். இருபத்து மூன்று வருஷம் ஓட்டியவர். கால் கட்டைவிரலில் வந்த சின்னப் புண்ணை "தானா ஆறிடும்" என்று மூன்று வாரம் காலணிக்குள் மறைத்து வைத்திருந்தார். சர்க்கரை உடம்பு. புண் விரலைத் தின்றது, பாதத்தைத் தின்றது, கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்னது இதுதான்: "போனது கிளட்ச் காலுதானே. இப்பல்லாம் கிளட்ச் இல்லாத வண்டி வந்துருச்சு. நானும் ஆட்டோமேட்டிக்." அவள் சிரித்தாள். பிறகு வராந்தாவுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும், செயற்கைக் கால் பொருத்துவதற்கு முன் தசையைத் தயார் செய்ய. சக்கர நாற்காலியை பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாசலில் மூன்று உயரமான படிகள். "எத்தனை பேரை ஏறு ஏறுன்னு விரட்டிருப்பேன்" என்று அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒருமுறைதான் சொன்னார். மெட்ரோவில் போகலாம் என்று முடிவானது. அங்கேதான் லிஃப்ட் இருக்கிறதே. நிலையச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் முப்பத்து நான்கு நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம்.

முதல் நாள் பதினொரு நிலையம் தாண்டி இறங்கினார்கள். லிஃப்ட் கதவின் குறுக்கே ஒரு சங்கிலி. அதில் தொங்கிய அட்டையில் "பராமரிப்புப் பணி" என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தது. அவள் கண் தானாகத் தேதிக்குப் போனது. நான்கு மாதத்துக்கு முந்தையது. நகரும் படிக்கட்டில் நாற்காலிக்கு அனுமதியில்லை என்றார் காவலர். அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் ரயில் பிடித்து வீட்டுக்கே திரும்பினார்கள். 

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பழைய மடிக்கணினிதான் துணை. அதில் எப்படியோ ஒரு இணையதளத்தைக் கண்டுபிடித்தார். உலகத்தில் எங்கெங்கே மெட்ரோ ஓடுகிறதோ அந்த ஊர்களின் வரைபடங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்த தளம். நூறு வருஷத்துக்கு முந்தையதும் இருந்தது, இன்னும் தோண்டாத பாதைக்குப் போட்டதும் இருந்தது. காலையில் ஒரு நாடு, மதியம் ஒரு நாடு என்று விரலாலேயே சுற்றி வருவார். அவள் வேலையிலிருந்து வந்ததும் அன்றைய பயணத்தை ஒப்பிப்பார்.

"இன்னிக்கு ஒரு ஊரு பார்த்தேன். அதுல ரெண்டு ஸ்டேஷன் ஒட்டிப் பொறந்த ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கு. உள்ள போய்ப் படிச்சா நடுவுல அரை மைல் நடக்கணும்னு எழுதியிருக்கான். நெஜ ரோட்டையும் வண்டியையும் தொடாத பயதான் இதை வரைஞ்சிருப்பான்."

"அழகா இருக்குல்ல?"

"அழகுக்கு என்ன கொறச்சல். காலு இருக்கிறவனுக்கு எல்லாம் அழகுதான்."

அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கவனித்தாள். ஏதோ ஓர் ஊரின் வரைபடத்தில் படியேறாமல் தெருவரை போகக்கூடிய நிலையங்களுக்கு மட்டும் வேறு நிறத்தில் வட்டம் போட்டிருந்தது. "இது மாதிரி நம்மூருக்கு இல்லையா?" என்றாள். தேடினார்கள். இல்லை. ஆனால் அதே தளத்தின் ஓரத்தில், நீங்களே வரையலாம் என்று ஒரு சுட்டி இருந்தது.

அழுத்தினால் கட்டம் போட்ட வெள்ளைப் பக்கம் வந்தது. கோட்டை இழுத்தால் அது நேராகவோ சரியான சாய்விலோ தானே போய் ஒட்டிக்கொண்டது. ஒரு தட்டுத் தட்டினால் நிலையம். பெயரை இழுத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம். மதிய உணவுக்கு விடும் அரைமணி நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே வரைந்தாள். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அடுக்குவதற்குள் உயிர் போய்விட்டது. ஆனால் அது அவளுக்குப் பிடித்தமான பாடு. பத்து நாளில் மூன்று பாதைகளும் பளிச்சென்று வந்துவிட்டன.

நிறம் போடுவதுதான் மிச்சம். அதற்கு நேரில் போய்ப் பார்க்காமல் முடியாது. ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தாள். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, ஒவ்வொரு லிஃப்ட்டின் பொத்தானையும் தன் கையால் அமுக்கினாள். தெருவரை போனால் பச்சை. டிக்கெட் கூடம்வரை போய் அதற்குமேல் படி என்றால் மஞ்சள். ஓடவில்லை என்றால் சிவப்பு. கணவர் வீட்டிலிருந்து போனில் கூடவே வருவார்.

"வாசல் நம்பரைப் போட்டியா?"

"ஸ்டேஷன் பேரு போட்டிருக்கேனே."

"பேரை வெச்சு நாக்கு வழிக்கிறதா? எந்த வாசல்ல ஏறணும்னு தெரியாமத்தானே ஜனங்க அலையுது. நான் இருபத்து மூணு வருஷம் அதுக்குத்தான் பதில் சொல்லிட்டிருந்தேன். வாசலைப் போடு, கமா."

போட்டாள். முடிவில் முப்பத்து நான்கில் பச்சை பதினொன்று, மஞ்சள் ஒன்பது, சிவப்பு பதினான்கு. அடியில் சரிபார்த்த தேதியை எழுதினாள். பயிற்சி மையத்துக்கு அடுத்த நிலையம் பச்சை. அங்கே இறங்கி பத்து நிமிஷம் நாற்காலியைத் தள்ளினால் போதும். அப்படியே போகவும் ஆரம்பித்தார்கள்.

மையத்தில் இருந்த பெண்ணிடம் வரைபடத்தின் இணைப்பைக் கொடுத்தாள். அந்தப் பெண் தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். வரைபடத்தின் கீழே கருத்து எழுதும் இடத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கைக்குழந்தை வண்டியோடு போகும் ஒரு தாய், தண்ணீர் கேன்களை வண்டியில் தள்ளிப் போய்ப் போடுகிற ஒருவர், மூட்டு வலிக்காரர்கள். "ஏழாவது ஸ்டேஷன் ரெண்டாம் வாசல் நேத்துலேர்ந்து ஓடல" என்று ஒருவர் எழுதினால் அடுத்த சனிக்கிழமைக்குள் அவள் போய்ப் பார்த்து நிறத்தை மாற்றிவிடுவாள். ஒரு சிவப்பு பச்சையானால் அவர்கள் வீட்டில் அது ஒரு சேதி. கணவர் மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு, வந்த கருத்துகளைச் சத்தமாகப் படிப்பார். கால் போனபிறகு அவர் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அந்த நாட்களில்தான்.

ஒரு செய்தித்தாளில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி வந்தது. நாலாம் நாள் மெட்ரோ அலுவலகத்திலிருந்து அழைப்பு.

மக்கள் தொடர்பு அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்று வரவேற்றார். டீ கொடுத்தார். "மேடம், எங்க ஆளுங்க செய்ய வேண்டிய வேலையை நீங்க செஞ்சிருக்கீங்க. இதை அதிகாரபூர்வமா எல்லா ஸ்டேஷன்லயும் மாட்டணும்னு நெனைக்கிறோம். ஒங்க பேரோட" என்றார்.

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "சிவப்பு அப்படியே இருக்கணும் சார். அதுக்காகத்தான் இதைப் போட்டதே."

"கண்டிப்பா."

ஒரு படிவத்தை நீட்டினார். அவள் முழுவதையும் படித்தாள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் அல்ல அவள். ஆறாவது வரியில் 'நிர்வாகம் தேவைக்கேற்ப மாற்றங்கள் செய்துகொள்ளும்' என்றிருந்தது. விரலை அங்கே வைத்து, "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"அது வழக்கமா எல்லாத்துலயும் போடுற வரிதான் மேடம். எழுத்து அளவு, ஓரம் அந்த மாதிரி மாத்தறதுக்கு."

ஒரு கமாவுக்காக டாக்டரையே நிறுத்தியவள் அந்த வரியைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டாள். டீ கொடுத்து, எழுந்து நின்று, மேடம் என்று கூப்பிட்ட ஒருவரிடம் அதற்குமேல் துருவிக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று அப்போது தோன்றியது.

கணவரிடம் சொன்னபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். "டிப்போல பிரேக் சரியில்லேன்னு புஸ்தகத்துல எழுதிக் கொடுப்போம். மறுநாள் அந்தப் பக்கமே இருக்காது. பார்த்துக்க."

"எல்லாரையும் சந்தேகப்பட்டா எப்படிங்க?"

"சரி, நான் சொல்லல."

வெளியீட்டு விழா பெரிய சந்திப்பு நிலையத்தில் நடந்தது. இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். யாரோ பெரியவர் திரையை இழுத்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய வரைபடம். அவள் போட்ட வளைவு, அவள் அடுக்கிய பெயர்கள், வாசல் எண்கள்கூட அப்படியே. முப்பத்து நான்கும் பச்சை.

அவள் சிவப்பைத் தேடினாள். கண் பழகாததால் தெரியவில்லையோ என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இல்லை. அடியில் தேதியும் இல்லை. மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதிலும் வரைபடத்தின் அடியிலும் 'வடிவமைத்தவர்' என்று அவள் பெயரைப் பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது. அதிகாரியின் காதோரம், "சார், சிவப்பு எங்க?" என்றாள்.

அவர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே, "ரெண்டு மாசத்துல எல்லா லிஃப்ட்டும் ரெடியாயிடும் மேடம். திரும்பத் திரும்ப அச்சடிக்க முடியாது இல்லையா? அதனால இப்பவே பச்சையாப் போட்டாச்சு" என்றார்.

மைக் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். கீழே கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டவில்லை.

அடுத்த வாரம் வரைபடத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். மெட்ரோவின் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகவும், அதிகாரபூர்வ வரைபடத்தைப் போலவே இருந்து மக்களைக் குழப்புவதாகவும் புகார் வந்திருப்பதால் அவளுடைய பக்கம் நீக்கப்படுகிறது. அவள் பதில் எழுதினாள். தானியங்கிப் பதில் வந்தது. அவள் கணக்கைத் திறக்க முடியவில்லை. வரைபடத்தோடு அதன் கீழே இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரின் கருத்துகளும் போயின. தாளில் அச்செடுத்த ஒரு பிரதி மட்டும் அலமாரியில் இருந்தது.

"வேற தளத்துல புதுசாப் போடு" என்றார் கணவர்.

"போடுவேன்" என்றாள். போடவில்லை. ஸ்கேன் சென்டரில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போயிருந்தாள், இரண்டு ஆள் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது என்பது ஒரு காரணம். சட்டத்துக்குள் மாட்டிய பச்சை வட்டங்களைத் தினமும் இரண்டு வேளை பார்த்துப் பார்த்து, அவை நிஜமாகிவிடும் என்று அவளே கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தாள் என்பது இன்னொன்று. இதை அவள் பிறகுதான் தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

விழா முடிந்து மூன்றாவது மாதம் பயிற்சி மையம் வேறு கட்டடத்துக்கு மாறியது. வேறொரு பாதையில், பூமிக்கடியில் இருக்கும் ஒரு நிலையத்துக்கு எதிரே. செயற்கைக் காலுக்கு அளவெடுக்க ஒரு வெள்ளிக்கிழமை நாள் கொடுத்தார்கள். அளவெடுப்பவர் மாதம் ஒருமுறைதான் வருவார். அன்று அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

"நான் தனியாப் போய்க்கிறேன். எத்தனையோ தடவை போனவன்தானே" என்றார் அவர். "அந்த ஸ்டேஷன் என்ன நெலமை?"

அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். அவளுடைய பழைய தாளில் அந்த நிலையம் சிவப்பு. அலமாரியைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். "பச்சைன்னு போட்டிருக்காங்க. மூணு மாசம் ஆச்சு, சரி பண்ணிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சரிசெய்யவில்லை. அவர் இறங்கிய பிளாட்பாரத்தில் லிஃப்ட்டின் குறுக்கே சங்கிலி. நகரும் படிக்கட்டும் அன்று நின்றிருந்தது. அடுத்த ரயிலில் திரும்பியிருக்கலாம். ஆனால் அளவெடுப்பவரைத் தவறவிட்டால் இன்னொரு மாதம். முன்பொருமுறை அப்படித் திரும்பிய வழியை அவர் மறக்கவில்லை. வழியில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கச் சொன்னார். நல்ல மனிதர்கள், தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவர் கை வழுக்கியது. நாற்காலி கவிழ்ந்து, அவர் வெட்டுப்பட்ட காலின் முனை படி விளிம்பில் மோத விழுந்தார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கட்டுப் போட்டிருந்தார்கள். "அந்த ரெண்டு பேரையும் திட்டாத. ஒருத்தன் அழுதுட்டான்" என்றார். ஆறியிருந்த தையல் வாய் மறுபடி பிரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் சீழ் வைத்தது. சர்க்கரை உடம்பு, பழைய கதைதான். இந்தத் தடவை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். முழங்கால் இல்லாமல் செயற்கைக் கால் வைத்து நடப்பது அவர் வயதுக்கும் உடம்புக்கும் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அவர் காலை ஸ்கேன் எடுத்த அறிக்கை அவள் மேசைக்கே வந்தது. அவள்தான் தட்டினாள். பிழையில்லாமல்.

மெட்ரோ அலுவலகத்துக்கு மறுபடி போனாள். முன்பு எழுந்து நின்றவர் இந்தத் தடவை உட்கார்ந்தபடியே நாற்காலியைக் காட்டினார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, பொய் என்று சொல்ல முடியாது. பிறகு வரைபடத்தின் ஒரு பிரதியை எடுத்து, கீழ் மூலையில் எறும்பு வரிசைபோல இருந்த எழுத்தைக் காட்டினார். 'இத்தகவல் வழிகாட்டுதலுக்கு மட்டுமே.'

"இதை யாரு சார் படிப்பா?"

"போட வேண்டியது எங்க கடமை மேடம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க எழுத்துல புகார் கொடுக்கலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. வடிவமைத்தவர்னு அதுல ஒங்க பேருதான் இருக்கு" என்றார்.

அவள் புகார் கொடுத்தாள். ஐந்து பக்கம், தேதிவாரியாக. நாற்பது நாள் கழித்து வந்த பதிலில், வரைபடம் ஒரு தனிநபர் தாமே முன்வந்து வழங்கியது என்றும், அதிலுள்ள தகவல்களுக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது என்றும் எழுதியிருந்தது. 'தனிநபர்' என்பதில் எழுத்துப்பிழை வேறு.

வீட்டில் அவர் அவளைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு அவளே அவரைத் தூக்கி மாற்றும்போது, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீதானே பச்சைன்னு சொன்ன." சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. மடிக்கணினியை அவர் திறப்பதையும் நிறுத்திவிட்டார். ஊர் ஊராகப் போய் வந்த மனிதர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஸ்கேன் சென்டரில் அவசர அறிக்கைகளுக்கு ஒட்டுகிற சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒரு சுருள் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், கண்ணாடிச் சட்டத்தின்மேல் ஓடாத நிலையங்களுக்கெல்லாம் சிவப்பு ஒட்டினாள். மறுநாள் பார்த்தால் இருக்காது. மறுபடி ஒட்டினாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒரு காலையில் துடைப்பமும் வாளியுமாக ஒரு பெண் பின்னால் வந்து நின்றாள்.

"நீங்கதானா அது?"

"ஆமா. இதெல்லாம் பொய்ம்மா. லிஃப்ட் ஓடல. ஜனங்க ஏமாந்துடக் கூடாது."

"ஓடலேன்னு எனக்குத் தெரியாதா அக்கா? இந்த வாளியை நான்தான் படியில தூக்கிட்டு ஏறுறேன்." அந்தப் பெண் நகத்தைக் காட்டினாள். நுனியெல்லாம் பிய்ந்திருந்தது. "சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள இதைச் சுரண்டி எடுக்கணும். தண்ணியில வர மாட்டேங்குது. போன வாரம் ரெண்டு தடவை திட்டு வாங்கினேன். ஒட்டுறவங்களை அவங்க பிடிக்கலையே, என்னைத்தானே கேக்கறாங்க."

கமா மீதிச் சுருளைப் பைக்குள் வைத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அன்று ஒட்டியதைச் சுரண்டி எடுத்தார்கள். அதன்பிறகு அவள் ஒட்டவில்லை.

பழைய வரைபடத்தைப் பயன்படுத்தியவர்கள் எப்படியோ அவள் எண்ணைக் கண்டுபிடித்து அவ்வப்போது கேட்பார்கள். "அக்கா, எந்த ஸ்டேஷன்ல எறங்கலாம்?" தெரிந்ததை ஒருபோதும் சொல்ல மாட்டாள். "எனக்குத் தெரியாதுங்க. நேர்ல போய்ப் பார்த்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்பாள். சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு தாய், "நீங்களே இப்படிச் சொன்னா நாங்க யாரைக் கேக்கறது?" என்று கேட்டாள். 

அவர் விழுந்த நிலையத்தின் லிஃப்ட், விழா முடிந்து பதினைந்தாவது மாதம் ஓடத் தொடங்கியது. யாரும் அறிவிக்கவில்லை. அவள் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனபோது, சங்கிலி இல்லாமல் கதவு திறந்து, குழந்தை வண்டியோடு ஒரு பெண் சாவகாசமாக உள்ளே போவதைப் பார்த்தாள். தானும் ஏறினாள். இருபது விநாடியில் தெருவுக்கு வந்துவிட்டது. வெளியே வெயிலில் நின்று அந்தக் கதவு மூடுவதையும் திறப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வயிறுதான் எரிந்தது.

வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "அந்த ஸ்டேஷன்ல லிஃப்ட் ஓடுதுங்க. நானே ஏறிப் பார்த்தேன்."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெருவரைக்கும் போகுதா?"

"போகுது."

"சரி" என்றார். பிறகு, "எனக்கு மாத்திரை எடுத்துக் குடு" என்றார். அவள் போய் எடுத்து வந்தாள்.